தேயிலை மண்ணில் அசேலியா: மூணாறு பக்கம் புதிதாக வளர்ப்பவர்களுக்கு

தேயிலை வளர்கிற மண்ணில் அசேலியா வளரும். மூணாறு, தேவிகுளம், வட்டவடை பக்கம் வாசலில் பூச்செடி வைக்க நினைக்கிறவர்கள் இதை நம்பினாலே பாதிச் செலவு மிச்சம். எங்கேயோ சமவெளியில் இருப்பவர் வீடியோவில் சொன்னதைக் கேட்டு, மண்ணை மாற்ற வேண்டும், கந்தகம் கலக்க வேண்டும், வெளிநாட்டு பீட்மாஸ் வாங்க வேண்டும் என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். நம் மலையில் பெரும்பாலும் அது எதுவும் தேவையில்லை. மண் ஏற்கெனவே அமிலமாகத்தான் இருக்கிறது. அதை நாமாகக் கெடுக்காமல் இருந்தால் சரி. கெடுப்பவை இரண்டு: ஒன்று சுண்ணாம்பு, இன்னொன்று தேங்கும் தண்ணீர். இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த இரண்டையும் மறக்க வேண்டாம்.

அசேலியா என்பது ரோடோடென்ட்ரான் பேரினத்தைச் சேர்ந்த புதர்ச்செடி. மூன்று அடியிலிருந்து ஐந்து அடி வரை வளரும். பூக்கும் காலத்தில் இலை தெரியாத அளவுக்குப் பூ மூடிவிடும். கிழக்காசிய மலைகளில் மர நிழலில், உதிர்ந்த இலை மட்கிய மண்ணில் வளர்ந்த செடிகளின் வழிவந்தவைதான் நாம் நர்சரியில் வாங்குபவை. அந்தப் பிறந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் செடிக்கு என்ன பிடிக்கும் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை: அரை நிழல், குளிர்ந்த இரவு, இலைமட்கு, ஈரம் இருந்தும் நீர் நிற்காத மண்.

இதே பேரினத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. காட்டுப்பூவரசு. நீலகிரி, ஆனைமலை, பழனி மலை உச்சிகளில் சோலை ஓரத்திலும் புல்வெளியிலும் சிவப்பாகப் பூத்து நிற்கும் மரம். தென்னிந்திய மலைகளில் இயற்கையாக வளரும் ரோடோடென்ட்ரான் இது ஒன்றுதான். இரவிகுளம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அதன் கன்றையோ, சோலைக்குள் இருக்கும் கறுப்பு மண்ணையோ அள்ளி வந்து வீட்டில் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டவே வேண்டாம். இரவிகுளம் 1978 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு செடி எடுப்பதும் வன உயிரினச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்த மரம் இடம் மாற்றினால் எளிதில் பிழைப்பதில்லை, வளர்வதும் மிக மெதுவாக. மலையில் பார்த்து ரசித்துவிட்டு, வீட்டுக்கு அசேலியாவை வாங்குவதே நல்லது.

உங்கள் ஊர் உயரம் என்ன?

மூணாறு டவுன் ஏறக்குறைய 1500 மீட்டர். அதற்கு மேலே இருப்பவர்கள் யோசிக்காமல் வைக்கலாம். பீர்மேடு, வண்டிப்பெரியார், குமுளி பக்கம் உயரம் குறைவு. செடி பச்சையாக நன்றாக வளரும், பூ மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டும். காரணம் குளிர்தான். உருவான மொட்டு ஒரே சீராக விரிய, சில வாரமாவது இரவு நன்றாகக் குளிர வேண்டும். மறையூர் மழை மறைவுப் பகுதி, வெயிலும் வறட்சியும் கூடுதல். அங்கே தொட்டியில், நல்ல நிழலில் முயன்று பார்க்கலாம்.

போடி, கம்பம், பாலக்காடு என்று கீழே இறங்கிவிட்டவர்கள் அசேலியாவை விட்டுவிடுங்கள். கூரியரில் வரும் செடி ஒரு தடவை பூத்துவிட்டுப் போய்ச் சேரும். அந்த ஊர்களுக்கு வெட்சி இருக்கிறது. மலையாளத்துப் பக்கம் தெச்சி என்பார்கள். அதுவும் அமில மண்ணை விரும்பும் செடிதான். கீழே நான் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லப் போவது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

வாங்கும்போது இலை உதிராத வகையாகப் பார்த்து வாங்குங்கள். நர்சரிகளில் இந்தியன் அசேலியா என்று கேட்டால் தருவார்கள். மஞ்சள், ஆரஞ்சு நிறப் பூவைப் படத்தில் காட்டி இணையத்தில் விற்கும் மோலிஸ் வகைகள் குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்ப்பவை. அவற்றுக்கு நம்முடையதைவிடக் கடுமையான குளிர்காலம் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் நர்சரிகளிலிருந்து வரும் செடி ஏற்கெனவே மலைக்குப் பழகியது என்பதால் நம்பி எடுக்கலாம். பூ நிறைந்த செடியைவிட, மொட்டு இறுகிய நிலையில் உள்ள, அடியிலிருந்தே நாலைந்து கிளை பிரிந்த செடி நல்லது. தொட்டியைச் சாய்த்து அடியைப் பாருங்கள். வேர் வெள்ளையாக, நூல் நூலாக இருக்க வேண்டும். பழுப்பாக, தொட்டால் நசுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது

மண் அமிலமா என்று பார்க்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு ஹைட்ராஞ்சியாவைப் பாருங்கள். ஊதாவும் நீலமுமாகப் பூத்தால் அந்த மண் நல்ல அமிலம். ரோஸ் நிறத்தில் பூத்தால் அமிலம் குறைவு. (வெள்ளை வகை நிறம் மாறாது, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.) சந்தேகம் தீர வேண்டுமென்றால் பஞ்சாயத்து கிருஷி பவனில் (அரசு வேளாண் அலுவலகம்) கேட்டு மண் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். கார அமில நிலை (pH) 4.5 முதல் 6 வரை இருந்தால் அசேலியாவுக்குப் பிரச்சினையில்லை. தேயிலைக்கு விரும்பப்படுவது 4.5 முதல் 5.5 வரை. ஆகவே இரண்டும் ஒரே மண்ணில் நிற்கக்கூடியவை.

சிக்கல் எங்கே என்றால், வீட்டைச் சுற்றியுள்ள மண் தேயிலைக் காட்டு மண் அல்ல. சுவருக்கு வருடாவருடம் வெள்ளையடிக்கிறோம். மழையில் அந்தச் சுண்ணாம்பு கரைந்து சுவரோரம் இறங்குகிறது. புதிதாக வீடு கட்டிய இடத்தில் சிமென்ட் கலவை சிந்திய மண், உடைந்த பூச்சு எல்லாம் புதைந்து கிடக்கும். விறகடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்ச் செடிக்குப் போடுவது நம் வீடுகளில் தலைமுறைப் பழக்கம். ரோஜா பொறுத்துக்கொள்ளும், அசேலியா பொறுக்காது. முட்டை ஓடும் அப்படித்தான். இன்னொன்று, எஸ்டேட்களில் மண் அளவுக்கு மீறிப் புளித்துப்போகாமல் இருக்க கவாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடும்) வருடத்தை ஒட்டி டோலமைட் போடுவார்கள். அதுவும் சுண்ணாம்பு வகைதான். டோலமைட் போட்ட மலையிலிருந்து அந்த வருடம் மண் எடுத்துவர வேண்டாம்; மிச்சமான மூட்டையைச் செடிக்கு நல்லது என்று நினைத்து யாராவது கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

எடுத்த மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று ஐயம் வந்தால், காய்ந்த மண் ஒரு பிடியில் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறையவே இருக்கிறது. பொங்காவிட்டால் நிச்சயம் இல்லை என்று சொல்ல முடியாது, ஆனாலும் மோசமான மண்ணைத் தள்ளிவிட இது போதும்.

ஆகவே செடியைச் சுவரிலிருந்து குறைந்தது நாலைந்து அடி தள்ளி வையுங்கள். லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசல் குறுகல், அவ்வளவு தள்ளி வைக்க இடமில்லை என்றால் தொட்டிதான் வழி. சிமென்ட் தொட்டி வேண்டாம், புதுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும். மண் தொட்டியோ கறுப்பு குரோ பேக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம்

காலை வெயில் விழுந்து, பதினொரு மணிக்கு மேல் நிழல் வருகிற இடம் உத்தமம். சில்வர் ஓக் மரத்தின் சிதறிய நிழல் இதற்கென்றே செய்தது போல இருக்கும். கிராண்டிஸ் (யூகலிப்டஸ் வகை) மரத்தடி வேண்டாம். அது நிலத்து ஈரத்தை உறிஞ்சுகிற வேகத்தில் அசேலியாவின் மெல்லிய வேர் போட்டி போட முடியாது.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற எஸ்டேட்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். வெள்ளையாகப் பனி படிவது முதலில் அந்தப் பள்ளத்துப் புல்லில்தான். செடியைச் சரிவின் நடுவில், தலைக்கு மேல் ஏதாவது மரக்கிளை இருக்கும்படி வைத்தால் மொட்டு தப்பும். அப்படி இடமில்லை என்றால், வானம் தெளிந்து காற்றே இல்லாத இரவுகளில் மட்டும் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டு, விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

நடுவது

காலம்: ஆவணிக் கடைசி, புரட்டாசி. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையின் ஆவேசம் அடங்கியிருக்கும், துலாவர்ஷ (வடகிழக்குப் பருவ) மழை வேர் பிடிக்க உதவும், வெயில் காலம் வருவதற்குள் செடி நிலைத்துவிடும். ஜூன், ஜூலையில் நட்டால் புது வேர் மழையில் அழுகும் வாய்ப்பு அதிகம்.

முதலில் நீர் வடிகிறதா பாருங்கள். ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவை ஊற்றியது சில மணி நேரம் கழித்தும் அப்படியே நின்றால் அங்கே குழியில் நட வேண்டாம். தரைக்கு மேல் ஒரு அடி உயரத்துக்கு மண் மேடு கட்டி அதில் நடுங்கள். மூணாறு போல மழை கொட்டும் இடத்தில் வடிகால் நன்றாக இருந்தாலும் மேட்டில் நடுவதையே நான் சொல்வேன்.

குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேண்டாம். அகலம் இரண்டரை அடி, ஆழம் ஒரு அடிக்கும் குறைவு. இந்தச் செடியின் வேர் கீழே போகாது, மேல்மண்ணிலேயே பாய் விரித்தாற்போலப் பரவும். தோண்டிய மண்ணில் பாதி, நன்றாக மட்கிய இலைமட்கு பாதி கலந்து நிரப்புங்கள். இலைமட்குக்கு சில்வர் ஓக் இலை, பைன் ஊசி, தேயிலைக் கவாத்துக் குப்பை எல்லாம் நல்லது. கிராண்டிஸ் இலை தவிர்க்கலாம், அதன் எண்ணெய்ச் சத்து மற்றச் செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். தேங்காய் நார்த்தூள் வாங்கினால் இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். தொட்டியில் வைப்பவர்கள் மேல்மண், இலைமட்கு, நார்த்தூள் மூன்றும் சம அளவு எடுத்து, ஒரு பிடி ஆற்று மணல் சேர்த்தால் போதும்.

நடும் முன்பு செடியைத் தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி நிற்கும் வரை வையுங்கள். காய்ந்த வேர்க்கட்டியை அப்படியே நட்டால், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் பக்கத்து மண்ணில் இறங்கிவிடும், கட்டிக்குள் போகாது. வேர் வட்டமாகச் சுற்றிக் கிடந்தால் கத்தியால் பக்கவாட்டில் மூன்று நாலு இடத்தில் கீறி, விரலால் கலைத்துவிடுங்கள். பயப்பட வேண்டாம், தாங்கும். வேர்க்கட்டியின் மேல்பகுதி தரைமட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே தெரியும்படி வைத்து நடுங்கள். மண் போட்டு மூடினால் தண்டு மூச்சு முட்டிப் போகும். செடி இறப்பதற்கு ஆழமாக நடுவது ஒரு பெரிய காரணம்.

அப்புறம், மற்றச் செடிக்குச் செய்து பழகிய மூன்று வேலைகளை இதற்குச் செய்யாதீர்கள். பாத்தி கட்டாதீர்கள், மழையில் அது குளமாகும். மண் அணைக்காதீர்கள். மண்வெட்டியால் சுற்றிக் கொத்தாதீர்கள். ஒரு கொத்துக்கு மேல்வேர் பாதி அறுந்துவிடும். களை வந்தால் கையால் பிடுங்குங்கள். களையே வராமல் இருக்க, இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு போட்டு, தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுவிடுங்கள். மூடாக்கு மட்கி இறங்க இறங்க மேலே புதிதாகப் போட்டுக்கொண்டே இருந்தால் அதுவே பெரும்பகுதி உரமும் ஆகிவிடும்.

தண்ணீரும் உரமும்

ஓடையிலிருந்து ஹோஸ் போட்டு வரும் தண்ணீர் அசேலியாவுக்கு அமிர்தம். மழைத் தண்ணீரும் அப்படியே. போர்வெல் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியென்றால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு டிரம் பிடித்து வைத்து வெயில் காலத்தில் செடிக்கு அதை ஊற்றுங்கள். ஜனவரி முதல் மே வரைதான் தண்ணீர் வேலை. விரலை மூடாக்குக்குள் விட்டுப் பார்த்து, ஒரு அங்குல ஆழத்தில் ஈரம் இல்லையென்றால் ஊற்றுங்கள். முதல் வருடம் இதில் சோம்பல் படக் கூடாது.

தேயிலைக்குப் போடும் யூரியா, பொட்டாஷ் கலவை எஸ்டேட் பக்கம் எளிதில் கிடைக்கும். அதை ஒரு பிடி போட்டால் என்ன என்று தோன்றும். பொட்டாஷில் உள்ள குளோரைடும், ஒரே இடத்தில் விழுந்த யூரியாவும் இந்த நூல் வேரைக் கருக்கிவிடும். உரம் போட்டே ஆக வேண்டுமென்றால், பூ முடிந்ததும் ஒரு தடவை, அமோனியம் சல்பேட் ஒரு தேக்கரண்டியை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஈர மண்ணில் ஊற்றுங்கள். தளிர் முற்றியதும் இன்னொரு தடவை. மழை ஓய்ந்த பிறகு வேண்டாம். டீ போட்ட சக்கையைக் கொட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பால், சர்க்கரை இல்லாத சக்கையாக இருந்தால் மூடாக்கோடு கொஞ்சம் கலக்கலாம். அதனால் மண் அமிலமாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இலை மஞ்சளானால்

உடனே உரக்கடைக்கு ஓடாமல், எந்த இலை என்று பாருங்கள். நுனியில் உள்ள இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல. நம் செம்மண் முழுக்க இரும்புதான். சுண்ணாம்பு கலந்ததால் வேரால் அதை எடுக்க முடியவில்லை, அல்லது தண்ணீர் நின்று வேர் செயலிழந்திருக்கிறது. முதலில் வடிகாலைப் பாருங்கள், பிறகு சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். அதைச் சரிசெய்தபின், நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்கும் ஃபெரஸ் சல்பேட்டை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளிக்கலாம். அடியிலுள்ள பழைய இலை முழுசாக மஞ்சளாவது வேறு கதை. அது தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், அல்லது இலைக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடித் தொங்கினால் விஷயம் கெட்டது. அது வேரழுகல். ஏலத்தில் அழுகல், மிளகில் துரித வாட்டம் வரவைக்கும் பைட்டோப்தோரா என்ற பேரினத்தைச் சேர்ந்த, பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகளின் வேலை. மருந்தால் மீட்பது கடினம், மேட்டில் நடுவதுதான் மருந்து. ஏலத்துக்கும் மிளகுக்கும் அடிக்கிற போர்டோ கலவையை இங்கே வேரில் ஊற்றிவிடாதீர்கள். துரிசோடு (மயில்துத்தம்) சுண்ணாம்பு சேர்ந்ததுதான் அது.

மழைக்காலத்தில் தளிர் இலை தடித்து வீங்கி, வெளிர் பச்சையாக, பிறகு வெள்ளைப் பொடி பூத்தாற்போல ஆவதுண்டு. தேயிலையில் கொப்புள நோய் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. இரண்டும் எக்ஸோபேசிடியம் என்ற ஒரே பேரினத்துப் பூஞ்சைகள். தேயிலையிலிருந்து இதற்கு ஒட்டியது என்று நினைக்க வேண்டாம், வகை வேறு. வெள்ளைப் பொடி வரும் முன்பு அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். வெயில் காலத்தில் இலை வெண்கல நிறமாக மங்கினால் இலையின் அடிப்பக்கம் பாருங்கள். சிவப்புச் சிலந்தியாக இருக்கும். தண்ணீரை அடியிலிருந்து வேகமாகப் பீய்ச்சியடித்தால் குறையும்.

கத்தரிப்பதில் ஒரு எச்சரிக்கை

கவாத்துக் கத்தி பிடித்துப் பழகிய கை எந்தச் செடியைப் பார்த்தாலும் மேசை போலத் தட்டையாக வெட்டத்தான் போகும். அசேலியாவில் அதை எப்போது செய்கிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம். பூ பெரும்பாலும் மாசி, பங்குனியில் வரும். பூ முடிந்ததும் புதுத் தளிர் விடும். அந்தத் தளிரின் நுனியில், மழைக்காலம் முடிவதற்குள் அடுத்த வருடத்து மொட்டு உருவாகிவிடும். அதனால் கத்தரிப்பதென்றால் பூ வாடிய சில வாரங்களுக்குள், அதாவது மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஓணத்துக்கோ தீபாவளிக்கோ வாசலை அழகாக்குகிறேன் என்று வெட்டினால் அடுத்த வருடம் வெறும் இலைதான். வடிவத்துக்காக நீண்ட கிளையை மட்டும் உள்ளே ஒரு கணுவுக்கு மேல் வெட்டுங்கள், போதும்.

வெட்டிய கிளையை எங்கே போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஆடு, மாடு கட்டியிருக்கும் பக்கம் போடவே கூடாது. அசேலியாவின் இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிரயனோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. தின்ற ஆட்டுக்கு எச்சில் வடியும், வாந்தி வரும், தள்ளாடும். நிறையத் தின்றால் உயிரே போகும். குழந்தைகள் பூவை உறிஞ்சாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடு அவிழ்த்துவிடுகிற லயத்தில் செடியைச் சுற்றி ஒரு வேலி கட்டாமல் வளர்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஒரு செடியிலிருந்து பல

எளிதான வழி பதியன். தரையை ஒட்டிய கிளையை வளைத்து, அடிப்பக்கத்தில் ஒரு அங்குலம் பட்டையைச் சீவி, அந்த இடத்தை இலைமட்கில் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். மழைக்கு முன் போட்டால் அடுத்த மழைக்குள் வேர் விட்டிருக்கும். வெட்டிப் பிரித்து வேறு இடத்தில் வைக்கலாம்.

நிறையச் செடி வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் பாதி முற்றிய நுனித் தண்டை மூன்று, நான்கு அங்குலத்துக்கு வெட்டி, அடி இலைகளை நீக்கி, மணலும் நார்த்தூளும் கலந்த தட்டில் ஊன்றுங்கள். தேயிலை நர்சரியில் வேலை பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை; அதே பாலிதீன் கூடாரம், அதே நிழல்தான். தேயிலைக்கு ஒரு இலை ஒரு கணு போதும், இதற்கு நுனியோடு வேண்டும், அது ஒன்றுதான் வித்தியாசம்.

செடியை மண்ணில் வைத்துவிட்டால் பிறகு எடுத்துப் போக முடியாதே என்று லயத்தில் இருப்பவர்கள் தயங்குவதுண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், நியாயமான தயக்கம்தான். ஆனால் அசேலியா இந்த விஷயத்தில் நல்ல செடி. ஆணிவேர் கிடையாது, வேரெல்லாம் மேலேயே ஒரு கட்டியாகப் பின்னிக் கிடக்கும். பல வருடம் வளர்ந்த புதரையும் மழை ஈரத்தில் அகலமாகத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, இன்னொரு மலையில் அதே உயரத்தில் நட்டால் பிடித்துக்கொள்ளும். அந்த வருடம் பூவைக் கிள்ளிவிட்டு வேருக்கு நேரம் கொடுங்கள்.